கார்துன்யா அடிவாரமா, நம்பிமலை அடிவாரமா?

கல்யாணமான 21 வருஷத்தில் 13 வீடு மாறியிருக்கிறோம். என் கணவருக்குக் காற்றாலைப் பராமரிப்பு வேலை. பணகுடிக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவே காத்தாடிகளில் ஏறி இறங்கித் தொழில் கற்றவர். அப்புறம் குஜராத், ஸ்பெயின், பிரேசில், ஜப்பான், கடைசியாகப் போர்ச்சுகல் என்று காற்று அடிக்கிற இடமெல்லாம் போனார். கூடவே நானும் போனேன். இப்போது அவருக்கு 52 வயது, எனக்கு 47. 80 மீட்டர் ஏணி ஏற அவர் முழங்கால் இனி ஒத்துழைக்காது. கம்பெனியில் திரை முன்னால் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். எந்த ஊரிலிருந்தும் அதைச் செய்யலாம். அதனால் எங்கே இருப்பது என்று நாங்களே முடிவெடுக்கும் நிலை முதல் தடவையாக வந்தது.

எங்கள் முன்னால் இரண்டு வீடுகள். ஒன்று போர்ச்சுகலின் உள்நாட்டில், ஃபுண்டாவ் என்ற சிறு நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், கார்துன்யா மலையடிவாரத்தில் நாங்கள் ஆறு வருஷமாக வாடகைக்கு இருக்கும் கருங்கல் வீடு. இன்னொன்று திருக்குறுங்குடிக்குப் பக்கத்தில், நம்பிமலை கண்ணுக்குத் தெரிகிற கிராமத்தில், என் மாமனார் கட்டிய ஓட்டு வீடு. அத்தையும் கொழுந்தனார் குடும்பமும் இப்போது அதில் இருக்கிறார்கள்.

கொஞ்ச நாள் ஜப்பானும் பேச்சில் இருந்தது. 2023 கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. வெளிநாட்டுக்காரரும் வாங்கலாம், விலையும் சில இடங்களில் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. ஆனால் வீடு வாங்கியதற்காக அங்கே தங்கும் உரிமை கிடைக்காது. 1981க்கு முன் கட்டிய வீடாக இருந்தால் நிலநடுக்க விதிகள் கடுமையாவதற்கு முந்தைய கட்டுமானம். அந்த யோசனையை ஒரே வாரத்தில் விட்டுவிட்டோம்.

இத்தனை வீடு மாறியதில் நான் கற்றுக்கொண்ட பாடம், ஒரு வீட்டை அதன் மோசமான மாதத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது. ஸ்பெயினில் ஒரு வீட்டை மே மாதம் பார்த்து மயங்கிக் கையெழுத்துப் போட்டோம். ஜனவரியில் மகளுக்கு இழுப்பு வந்தபோதுதான் அலமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பூஞ்சை இருந்தது தெரிந்தது. நெல்லையிலும் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஆடியில் குற்றாலத்துக்கும் தை மாதத்தில் பொங்கலுக்கும் வந்துவிட்டு, 'ஊர் மாதிரி வருமா' என்று சொல்லி மனை வாங்குகிறார்கள். சித்திரையில் வந்து ஒரு வாரம் இருந்து பார்த்தவர்கள் குறைவு. அதனால் இரண்டு வீட்டையும் நாங்கள் மோசமான மாதங்களில் எடை போட்டோம்.

போர்ச்சுகல் என்றால் எல்லாரும் கடற்கரையையும் வெயிலையும் நினைக்கிறார்கள். உள்நாட்டு மலையடிவாரத்தில் ஜனவரி வேறு மாதிரி. அந்தப் பழைய கல் வீடுகள் பலவற்றில் வீடு முழுவதையும் சூடேற்றும் ஏற்பாடு கிடையாது. வெளியே வெயில் அடிக்கும்போது உள்ளே ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்போம். காலையில் அடுப்படியில் 9 டிகிரி இருக்கும். சுவர் வியர்க்கும். கால் விரல்கள் சிவந்து வீங்கி அரிக்கும். இரும்பு விறகடுப்பு ஒன்றை நாங்களே வாங்கி வைத்தோம், ஒரு குளிர்காலத்துக்கு நாலு டன் விறகு போகிறது. நான் ஊரிலிருந்து தொட்டியில் கொண்டுபோய் வைத்த கறிவேப்பிலை இரண்டு தடவை பட்டுப்போனது. மூன்றாவதை அடுப்படி ஜன்னலோரம் வைத்துக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறேன்.

ஜனவரியைத் தாங்கிவிடலாம். ஆகஸ்ட்தான் எனக்குப் பயம். 2017 ஜூனில் பெட்ரோகாவ் கிராந்தி பகுதியில் பிடித்த காட்டுத்தீயில் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், பலர் காரில் தப்பிக்கப் போகும் வழியிலேயே. காரணத்தைக் கேட்டால் நம் ஊர்க் கதை போலவே இருக்கும். பிள்ளைகள் லிஸ்பனுக்கும் பிரான்சுக்கும் போய்விட்டார்கள். ஆடு மேய்ந்த இடத்தில் புதர் ஏறியது. பயிர் செய்த நிலத்தில் யூகலிப்டஸும் பைனும் அடர்ந்தன. எங்கள் பக்கத்திலும் ஒரு ஆகஸ்ட் இரவு எதிர் மலை முதுகில் சிவப்புக் கோடு தெரிந்தது. காயப்போட்ட துணியில் சாம்பல் விழுந்தது. மாதா கோயில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாஸ்போர்ட்டும் மாத்திரையும் போட்ட பையை வாசலில் வைத்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். காற்று திசை மாறியதால் தப்பினோம். காற்றை நம்பியே பிழைத்த மனிதர் என் கணவர். அன்றைக்கு அவர் காற்றைப் பார்த்துப் பயந்ததை நான் பார்த்தேன்.

கிராமப்புறத்தில் வீட்டைச் சுற்றி 50 மீட்டருக்குப் புல்லும் புதரும் வெட்ட வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது, மீறினால் அபராதம். மரக்கிளைகள் வீட்டிலிருந்து 5 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். ஐம்பது வயதில் இதை நாமே செய்துவிடலாம். எழுபதில் ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும், அந்த ஊரிலோ ஆள் கிடையாது. எங்கள் கிராமத்தில் இருப்பவர்கள் அறுபது பேர் இருந்தால் அதிகம். அதிலும் பாதிக்கு மேல் எழுபதைத் தாண்டியவர்கள்.

நம்பிமலை அடிவாரத்தில் மோசமான மாதங்கள் இரண்டு. சித்திரைக்குள் எங்கள் கிணற்றில் அடி தெரிந்துவிடும். வாழைக்கு விட்டதுபோக மிச்சத் தண்ணீர் வீட்டுக்கு என்கிற நிலை. இரவு பதினொரு மணிக்கும் ஓட்டுக்குக் கீழே படுக்க முடியாது, கரண்ட் வேறு போகும். மலையில் தீனி இல்லாமல் பன்றி இறங்கி வாழைக் கிழங்கைத் தோண்டும். (பன்றித் தொல்லை கார்துன்யாவிலும் உண்டு. உருளைக்கிழங்குப் பாத்தியை ஒரே இரவில் உழுதுவிடும். அந்த ஊர்க் கிழவர்கள் அதைத் திட்டும்போது எனக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.) ஆனி பிறந்தால் காற்று திரும்பிவிடும். மேற்கே கேரளத்தில் பெய்யும் மழை மலையைத் தாண்டிச் சாரலாக வந்து முகத்தில் விழும்போது அந்த இரண்டு மாத வெக்கையும் மறந்துபோகும்.

இன்னொன்று டிசம்பர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி நெல்லை ஜங்ஷனுக்குள் வந்துவிட்டது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அத்தையைக் கொழுந்தனார் தோளில் தூக்கிக்கொண்டுபோய் மாடி வீட்டில் விட்டார். போர்ச்சுகலில் இருந்த நாங்கள் இரண்டு நாள் போன் கிடைக்காமல் தவித்தோம். அப்புறம் கேட்டால், அந்த மாடி வீட்டில் 19 பேர் ஒரே அண்டாவில் சோறு பொங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

தீயும் வெள்ளமும் இரண்டும் கொடுமைதான். ஆனால் ஒன்றில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போக ஆள் இருக்கிறது, இன்னொன்றில் எழுபது வயதில் நானே கார் ஓட்டித் தப்பிக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை எந்த வீட்டு விளம்பரமும் காட்டாது.

அப்படியானால் ஊருக்கே திரும்பிவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்குச் சிக்கல். வெளிப்படையாகவே எழுதுகிறேன். ஊரில் நான் மூத்த மருமகள். தெருவில் இறங்கினால் 'எப்ப வந்திய?' என்பார்கள், அடுத்த மூச்சிலேயே 'எப்ப போறிய?' என்பார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் 21 வருஷம் அதைக் கேட்டுக் கேட்டு நான் விருந்தாளியாகவே ஆகிவிட்டேன். மே, ஜூன் மாதங்களில் ஃபுண்டாவ் பக்கம் செர்ரி அறுவடை. நான் கூலிக்குப் போய் ஏணியில் ஏறிப் பழம் பறிக்கிறேன். காம்போடு பறிக்க வேண்டும், அடுத்த வருஷத்து மொட்டு உடையக் கூடாது. இரண்டு வருஷத்தில் கை பழகிவிட்டது. சாயங்காலம் வாங்கும் கூலி என் சொந்தக் காசு. வீட்டுக்குப் பின்னால் கீரை மாதிரி ஒரு பெரிய இலைக்கோசும் உருளைக்கிழங்கும் நம் ஊர்ச் சம்பா மிளகாயும் போட்டிருக்கிறேன். ரொட்டிக்காரர் வேனில் வந்து ஹாரன் அடிப்பார், மீன்காரரும் அப்படியே. நம் ஊரில் உவரியிலிருந்து வண்டியில் மீன் கொண்டு வருகிறவரின் ஹாரனுக்கும் அதற்கும் ஸ்வரம்தான் வேறு. இதே வேலையை, வாழைத்தார் வெட்டுவதையோ வெற்றிலை கிள்ளுவதையோ, எங்கள் ஊரில் நான் கூலிக்குப் போய்ச் செய்ய முடியுமா? வீட்டு மானம் என்பார்கள். அது மாற வேண்டும் என்று நினைக்கிறேன். மாறும்வரை காத்திருக்க எனக்கு வயது இல்லை.

மொழியும் நான் பயந்த அளவுக்கு அந்நியமாக இல்லை. வீட்டுக்காரப் பாட்டி முதல் நாள் வீட்டைச் சுற்றிக் காட்டியபோது சாவியை 'ஷாவ்' என்றார், ஜன்னலை 'ஜனேலா' என்றார், மேசையை 'மேசா' என்றார். வராந்தாவும் அலமாரியும் கிட்டத்தட்ட நம் வார்த்தைகள்தான். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது விட்டுப்போன சொற்கள் இவை. வீடு என்ற அளவில் எனக்குப் பாதி மொழி முன்பே தெரிந்திருந்தது.

உடம்பு என்ற அளவில்தான் தெரியவில்லை. மூன்றாவது குளிர்காலத்தில் எனக்கு வலது தோளில் வலி வந்தது. அரசு சுகாதார நிலையத்தில் டாக்டர் பொறுமையானவர். வலி பத்துக்கு எவ்வளவு, குத்துகிறதா, எரிகிறதா என்று கேட்டார். எனக்கு இருந்ததோ குடைச்சல். ராத்திரி உளையும், விடியற்காலையில் விண்விண்ணென்று தெறிக்கும், கையைத் தூக்கினால் சுருக்கென்று பிடிக்கும், மத்தியானம் வெறும் கடுப்பு. குடைச்சலுக்கும் உளைச்சலுக்கும் கடுப்புக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியும், சொல்லத் தெரியவில்லை. 'ஆறு' என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு ராத்திரி கணவரிடம் சொன்னேன், 'எனக்கு நோவு வந்தால் தமிழில்தான் வரும். படுத்துவிட்டால் என்னை ஊருக்குக் கொண்டுபோய்விடுங்கள்' என்று. எங்கள் முடிவின் பாதி அந்த ராத்திரியே முடிந்துவிட்டது.

வைத்திய வசதியை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் பெரிய குறையில்லை. போர்ச்சுகலில் பொது மருத்துவம் 1979லிருந்து இருக்கிறது, பதிவு எண் கிடைத்துவிட்டால் பெரும்பாலும் செலவில்லை. உள்நாட்டில் குடும்ப டாக்டர் கிடைக்கத்தான் காத்திருக்க வேண்டும். 112 அழைத்தால் தீயணைப்பு நிலைய ஆட்களே ஆம்புலன்சில் வருவார்கள். இங்கே 108 இருக்கிறது. பெரிய வைத்தியத்துக்கு நாகர்கோவிலோ பாளையங்கோட்டையோ போக வேண்டும்.

காகிதங்களுக்கு வருவோம். இதில் அவசரப்பட்டு மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருப்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

போர்ச்சுகலில் நிலமும் வீடும் 'ருஸ்டிகோ', 'உர்பானோ' என்று இரண்டு வகையாகப் பதிவாகின்றன. முதலாவது விவசாய நிலம், இரண்டாவது குடியிருக்கும் கட்டடம். தோட்டத்துக்கு நடுவே அழகான கல் வீட்டின் இடிபாடு விலைக்கு வந்தால், அது காகிதத்தில் வெறும் ருஸ்டிகோவாக இருக்கலாம். அப்படியானால் அதைப் பணம் கொட்டிச் சரிசெய்தாலும் சட்டப்படி குடியிருக்க முடியாமல் போகலாம். சிறு விவசாய நிலத்தை விற்கும்போது எல்லையை ஒட்டிய நிலக்காரருக்கு வாங்கும் முன்னுரிமையும் உண்டு. வாங்கினால் விலையில் 0.8 சதவீதம் முத்திரை வரி, அதற்கு மேல் சொத்து மாற்ற வரி. அப்புறம் வருஷா வருஷம், வீட்டுக்கு 0.3 முதல் 0.45 சதவீதம் வரை அந்த ஊர் நகராட்சி வைக்கிற வரி.

இதையெல்லாம் விசாரித்து எங்கள் கல் வீட்டை வாங்கலாம் என்று போனபோதுதான், பாட்டி ஒருவர் மட்டும் உரிமைக்காரர் இல்லை என்று தெரிந்தது. அவர் கணவர் வழியில் ஏழு வாரிசுகள், நாலு பேர் பிரான்சில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். பாட்டி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்கு எங்கள் கூட்டுப் பட்டா நினைவு வந்தது. நம் பங்காளிச் சண்டை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை.

நெல்லைப் பக்கம் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதும், பட்டா யார் பெயரில் என்று பார்ப்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெளிநாட்டில் இருப்பவர்கள் தெரியாமல் இடறுவது வேறொரு இடத்தில். அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே வீடோ வீட்டு மனையோ வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். 'ஓய்வு பெற்றதும் களக்காட்டில் ரெண்டு ஏக்கர் வாழை' என்று கனவு காண்கிறவர்கள் ஊருக்கு வந்து குடியேறிய பிறகுதான் அதை வாங்க முடியும். எங்கள் வயல் மாமனார் வழியில் வந்தது என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. இங்கேயே வசிப்பவர் வெளிநாட்டில் வீடு வாங்கப் பணம் அனுப்பினால், ஒரு நிதியாண்டில் ஆளுக்கு 2,50,000 டாலர் என்ற வரம்பு இருக்கிறது. வெளிநாட்டில் வசித்தபோது வாங்கிய வீட்டை ஊருக்குத் திரும்பிய பிறகும் வைத்துக்கொள்ளத் தடையில்லை.

தங்கும் உரிமை எங்களுக்கு வேலை வழியாக வந்தது. ஐந்து வருஷம் முறையாக வசித்து, அடிப்படைப் போர்த்துக்கீசியம் தெரியும் என்று காட்டினால் நிரந்தர வசிப்பு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். நாங்கள் இருவரும் தேர்வு எழுதித் தேறிவிட்டோம். சாதாரண அட்டையில் ஆறு மாதம் தொடர்ந்து வெளியே இருந்தாலே கேள்வி வரும். நிரந்தர அட்டையில் 24 மாதம் வரை தொடர்ந்து வெளியே இருக்கலாம். எங்கள் கணக்கை இது மாற்றிவிட்டது. அத்தைக்கு ஒன்று என்றால் ஒரு வருஷம் ஊரில் இருந்துவிட்டும் திரும்ப முடியும். அங்கே போவதும் இருப்பதும் திருத்திக்கொள்ளக்கூடிய முடிவு. ஊர் வீட்டுப் பங்கை விற்றுவிட்டு அங்கே வாங்கியிருந்தால் அதைத் திருத்தவே முடியாது.

அத்தையையும் கேட்டோம். கூட வருகிறீர்களா என்றால் சிரித்தாங்க. அப்புறம் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாங்க: 'ஓடியாடுத வயசுல எங்க வேணும்னாலும் இருங்க. படுக்குத வயசுல நம்ம பேச்சு காதுல விழணும்லா.'

இரண்டு இடத்திலும் சொந்த வீடு வைத்துக்கொள் என்று சொந்தக்காரர் ஒருவர் யோசனை சொன்னார். வசதி இருக்கிறவர்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், நான் அதை ஏற்கவில்லை. எங்கள் தெருவிலேயே துபாய்ப் பணத்தில் கட்டிப் பூட்டிவைத்த வீடுகள் நாலு இருக்கின்றன. கறையான் நிலையைத் தின்கிறது, செப்டிக் டேங்க் மூடி மேல் வேப்பங்கன்று முளைத்திருக்கிறது. கார்துன்யாவில் பூட்டிய வீட்டுக்குப் புதர்தான் எமன். ஆள் புழங்காத வீடு எந்த நாட்டிலும் நிற்காது.

நாங்கள் செய்தது இதுதான். காலத்தை ஓரிடத்திலும் பணத்தை இன்னோரிடத்திலும் போடுகிறோம். போர்ச்சுகலில் வாங்கவில்லை. பாட்டியோடு வாடகை ஒப்பந்தத்தை நீட்டி எழுதிக்கொண்டோம். கூரைக்கு அடியில் குளிர் தாங்கும் பலகை அடிக்கும் செலவை அவரும் நாங்களும் பாதிப் பாதி ஏற்கிறோம். கணவருக்கு 62 ஆகும்வரை, உடம்பு விட்டால், அதுதான் எங்கள் வீடு. ஆகஸ்டில் மட்டும் அங்கே இருக்கப்போவதில்லை. புல்லும் புதரும் வெட்டி முடித்துவிட்டு ஜூலைக் கடைசியில் ஊருக்கு வந்துவிடுவோம். இங்கே ஆடிக்காற்றும் சாரலும் இருக்கும். இத்தனை வருஷம் விமானக் கட்டணம் அதிகம் என்று தவிர்த்த மாதம் அது. இப்போது அந்தச் செலவை வீட்டு வாடகையில் சேர்த்தே கணக்குப் போடுகிறேன்.

சேமிப்பில் பெரும்பகுதி ஊர் வீட்டுக்குப் போகிறது. பாகப்பிரிவினைப் பத்திரம் முதலில். கொழுந்தனாருக்கு முன்கட்டு, எங்களுக்குப் பின்கட்டும் கிணறும், அத்தை இருக்கும்வரை முழு வீடும் அத்தையுடையது என்று எழுதிக்கொள்கிறோம். இத்தனை வருஷம் அத்தையைப் பார்த்துக்கொண்டது என் ஓரகத்திதான். அதற்காக முன்கட்டோடு தெருவைப் பார்த்த கடையையும் அவர்களுக்கே விட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். கணவர் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை, மறுநாள் சரி என்றார். ஓட்டில் விழும் மழையைக் கிணற்றுக்குத் திருப்பக் குழாய் போடுகிறோம். வெள்ளம் வந்த உயரத்துக்கு இரண்டு அடி மேலே பின்கட்டுத் தரையை ஏற்றுகிறோம்.

போன வாரம் கொத்தனார் குளியலறைக்கு நூல் பிடித்தார். கதவு 36 அங்குலம் வேண்டும், வாசலில் படி கூடாது, சரிவாக ஏற்ற வேண்டும் என்றேன். 'எதுக்கும்மா இவ்வளவு அகலம்?' என்றார். சக்கர நாற்காலி நுழையணும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அத்தை வந்து, இன்னும் கட்டாத சுவர்ப் பக்கம் சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாங்க. எழுந்திருக்கிறபோது கை தானாக எங்கே போய்ப் பிடிக்கத் தேடுகிறதோ அந்த உயரத்தில் கையை நிறுத்திக் காட்டினாங்க. கொத்தனார் டேப்பை விரித்து அளந்தார். இரண்டே முக்கால் அடி. கைப்பிடியை அங்கேதான் வைக்கிறார்.